‘ஆம்’ என்று கை உயர்த்தும் முன்...

சென்ற ஆண்டு நவம்பர் முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடவேளை. மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய அண்ணன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறார். “சார், நவம்பர் 1 அங்க விடுதலை நாளாம். கவர்மென்ட் லீவாம். ஆகஸ்ட் 16-க்கும் இதே மாதிரி லீவு விட்டாங்கன்னு அண்ணன் சொன்னாங்க. ஒரே ஊருக்கு எதுக்குங்க சார் ரெண்டு நாளு?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதில் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அன்று இரவு படிக்க உட்கார்ந்தேன். ஓர் இரவில் முடியும் என்று நினைத்தது பல வாரங்களுக்கு நீண்டது. புதுச்சேரியில் தொடங்கி, ஐரோப்பாவுக்குப் போய், கடைசியில் எங்கள் கொல்லிமலையின் கிராம சபைக்கே திரும்பி வந்தேன். படித்ததையும் அதை வகுப்பறையில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

இரண்டு நாள்களின் கதை

இந்தியா 1947-இல் விடுதலை பெற்றபோது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் உள்ள சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகள் பிரான்சின் கையில் இருந்தன. இவற்றின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்ய வேண்டும் என்று 1948 ஜூன் மாதம் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. பிரான்சுக்கு இதில் ஒரு சட்டத் தேவையும் இருந்தது. அந்த நாட்டின் 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-ஆவது உறுப்பு, சம்பந்தப்பட்ட மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று கூறியது.

மக்களின் இசைவை எப்படிக் கேட்பது? சந்திரநாகூரில் வாக்காளர்களையே நேராகக் கேட்டார்கள். 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 7,400-க்கும் மேற்பட்டோர் இந்தியாவுடன் இணைய விரும்பினார்கள். எதிர்த்தவர்கள் 114 பேர் மட்டுமே.

மற்ற நான்கு பகுதிகளில் அப்படி நடக்கவில்லை. வாக்காளர் பட்டியல் தயாரிப்பதிலும் வாக்கெடுப்பை நடத்தும் முறையிலும் இரு நாடுகளுக்கும் உடன்பாடு ஏற்படாமல் ஆண்டுகள் கடந்தன. இடையில் விடுதலைப் போராட்டம் வலுத்தது. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகே கீழூர் என்ற சிற்றூரில், மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த சட்டமன்ற, நகராட்சி மன்ற உறுப்பினர்கள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர், எதிராக 8 பேர். அதையொட்டி 1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஆனால் நிருவாகம் கைமாறியதே தவிர, சட்டப்படியான உரிமை இன்னும் மாறவில்லை. அதற்கான உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. அந்த உடன்படிக்கைக்கு பிரான்சின் நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே ஊருக்கு இரண்டு நாள்கள் வந்த காரணம் இதுதான். முதல் நாள் நிருவாகம் மாறிய நாள். இரண்டாவது நாள் சட்டம் மாறிய நாள்.

மறுநாள் இதைச் சொன்னதும் அந்த மாணவி விடவில்லை. “அந்த 178 பேருதான ஓட்டுப் போட்டாங்க? ஊர்ல இருந்தவங்கள கேக்கலையாங்க சார்?”

இதற்குப் பதில் சொல்ல, பொதுவாக்கெடுப்பு என்றால் என்ன என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது.

தேர்தல் வேறு, பொதுவாக்கெடுப்பு வேறு

தேர்தலில் நாம் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த ஐந்து ஆண்டுகள் நம் சார்பில் அவர் முடிவெடுப்பார். பொதுவாக்கெடுப்பில் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிய முடிவை வாக்காளரே எடுக்கிறார். வாக்குச் சீட்டில் பெயர்களுக்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே பதில். இலங்கைத் தமிழர்கள் இதைச் சர்வசன வாக்கெடுப்பு என்பார்கள்.

நம் நாட்டின் அரசியலமைப்பு பொதுவாக்கெடுப்பு மூலம் வந்ததல்ல. அரசியலமைப்பு நிர்ணய சபை அதை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டது. அதைத் திருத்துவதற்கும் மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு தேவையில்லை. 368-ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். சில திருத்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலும் வேண்டும். அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் பல நாடுகளின் நடைமுறை வேறு. அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 2005-இல் நடந்தது. அதில் நம் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது எனக்கே புதிய செய்தி.

புதுச்சேரிக்கு வந்த ஐரோப்பியக் கேள்வி

1956 உடன்படிக்கையின்படி புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். சில ஆயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தார்கள். அன்று எழுதிக் கொடுத்த ஒரு தாள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை குடியுரிமையைத் தீர்மானித்தது. இன்றும் பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தால் புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் வாக்களிக்கிறார்கள்.

2005 மே 29 அன்று பிரான்ஸ் தன் குடிமக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. ஐரோப்பாவுக்கு ஓர் அரசியலமைப்பை ஏற்படுத்தும் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. பிரெஞ்சு வாக்காளர் பட்டியலில் இருந்த தமிழர்களுக்கும் அதற்குப் பதில் சொல்லும் உரிமை இருந்தது.

அது என்ன உடன்படிக்கை? ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது 25 நாடுகள் இருந்தன. அவற்றுக்கிடையே அதுவரை போடப்பட்ட பல உடன்படிக்கைகளை ஒரே ஆவணமாகத் தொகுத்தார்கள். அடிப்படை உரிமைகள் சாசனத்தை அதில் சேர்த்தார்கள். ஒன்றியத்துக்கென ஒரு வெளியுறவு அமைச்சர், நாடுகள் வாக்களிக்கும் முறையில் மாற்றம் எனப் புதியவையும் இருந்தன. பிரான்சின் முன்னாள் குடியரசுத் தலைவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் தலைமையில் வரைவு உருவானது. 2004 அக்டோபர் 29 அன்று ரோம் நகரில் 25 நாடுகளும் கையெழுத்திட்டன. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஒப்புதல் அளித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஒரு நாடு மறுத்தாலும் நின்றுவிடும்.

ஜெர்மனி போன்ற நாடுகள் நாடாளுமன்றத்திலேயே ஒப்புதல் அளித்தன. ஸ்பெயின், பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை மக்களிடம் போயின. ஸ்பெயினில் 76 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’. பிரான்சில் ஏறத்தாழ 55 விழுக்காடு ‘இல்லை’. மூன்று நாள் கழித்து, ஜூன் 1 அன்று, நெதர்லாந்தில் 61 விழுக்காட்டுக்கு மேல் ‘இல்லை’. ஜூலையில் லக்சம்பர்க் 56 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’ என்றது. ஆனால் அதற்குள் உடன்படிக்கையின் கதை முடிந்திருந்தது.

இந்த நிகழ்வுகளையும் நம் நாட்டில் நடந்த வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்தப் பொதுவாக்கெடுப்பையும் புரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும் என்று தோன்றியது. அவற்றையே கரும்பலகையில் எழுதினேன்.

ஒன்று: கேட்பவர் யார்?

பிரான்சில் நாடாளுமன்றமே ஒப்புதல் அளித்திருக்க முடியும். மக்களிடம் போவது என்று முடிவு செய்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் ழாக் சிராக். ஆட்சியில் இருப்பவர் கேட்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. மக்கள் கேள்விக்குப் பதில் சொல்வதா, கேட்டவருக்குப் பதில் சொல்வதா?

பிரான்சில் இரண்டும் கலந்தன. வேலையில்லாத் திண்டாட்டம், தொழிலாளர் பாதுகாப்பு குறைந்துவிடுமோ என்ற அச்சம், ஒன்றியம் மேலும் விரிவடைவது பற்றிய தயக்கம் ஆகியவற்றோடு ஆட்சியின் மீதிருந்த கோபமும் ‘இல்லை’ வாக்குகளில் சேர்ந்துகொண்டது. முடிவு வந்த இரண்டாம் நாள் பிரதமர் ரஃபரன் பதவி விலகினார். அதே நாட்டில் 1969-இல் மண்டல நிருவாகத்தையும் மேலவையையும் சீர்திருத்தும் வாக்கெடுப்பில் தோற்றதும் குடியரசுத் தலைவர் தெ கோல் பதவி விலகியிருக்கிறார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு நம் கோவா. மகாராட்டிரத்துடன் இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாக நீடிப்பதா என்று முடிவு செய்ய 1967 ஜனவரி 16 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி நடத்திய வாக்கெடுப்பு அது. வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்க வேண்டும் என்பதற்காக, இணைப்பை ஆதரித்த பந்தோட்கர் அமைச்சரவை முன்னதாகவே பதவி விலகியது.

இரண்டு: யாரிடம் கேட்கிறார்கள்?

சந்திரநாகூரில் வாக்காளர்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். கீழூரில் 178 பிரதிநிதிகளிடம் கேட்டார்கள். என் மாணவி கேட்டது இந்த வேறுபாட்டைத்தான். பிரதிநிதிகளும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். ஆனால் இந்தக் கேள்விக்காக அவர்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இதில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்கச் சொன்னேன். “பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சுன்னா என்ன பண்றது?” என்று ஒரு பக்கம். “கேக்கறேன்னு சொன்னா எல்லாரையும் கேக்கணும்” என்று மறுபக்கம். பாடநூலில் ஒரு வரியில் முடியும் செய்தி அன்று முழுப் பாடவேளைக்கும் போதுமானதாக இருந்தது.

மூன்று: கேள்வி என்ன?

இதுவே மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

கோவாவில் கேள்வி எளிமையாக இருந்தது. இணைவதற்குப் பூச் சின்னம், தனியாக இருப்பதற்கு இரட்டை இலைச் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 1,72,191 பேர் இரட்டை இலைக்கும் 1,38,170 பேர் பூவுக்கும் வாக்களித்தார்கள். வேறுபாடு 34,021. அந்த முடிவால்தான் பின்னர் 1987-இல் கோவா தனி மாநிலமாக முடிந்தது.

சிக்கிமில் 1975 ஏப்ரல் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஒரே கேள்விக்குள் இரண்டு செய்திகள் இருந்தன. மன்னர் பதவியை ஒழிப்பது ஒன்று, சிக்கிம் இந்தியாவின் அங்கமாவது மற்றொன்று. 59,637 பேர் ஆதரவு, 1,496 பேர் எதிர்ப்பு. முடிவில் ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்குப் பெரிய வேறுபாடு. ஆனாலும் மாணவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் விரும்பியவர் அந்தச் சீட்டில் எங்கே முத்திரை குத்துவார்?

ஐரோப்பிய உடன்படிக்கையில் இருந்தவை இரண்டு செய்திகள் அல்ல, 448 உறுப்புகள். அவற்றோடு இணைப்புகளும் இருந்தன. அந்த முழு உரையையும் பிரெஞ்சு அரசு ஒவ்வொரு வாக்காளருக்கும் அனுப்பி வைத்தது. நல்ல செயல்தான். ஆனால் சட்ட மொழியில் எழுதிய அவ்வளவு பெரிய ஆவணத்தை வேலைக்குப் போய் வரும் ஒருவர் எப்படிப் படித்து முடிப்பார்? 448 உறுப்புகளுக்கும் சேர்த்து ஒரே ‘ஆம்’ அல்லது ஒரே ‘இல்லை’தான் சொல்ல முடியும்.

அயர்லாந்தில் 2008-இல் அடுத்த உடன்படிக்கைக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, ‘தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று போடு’ என்ற பொருளில் ஒரு முழக்கமே எழுந்தது. புரியாத ஒன்றுக்கு மறுப்புச் சொல்வது மக்களின் குற்றமா, புரியும்படி சொல்லாதவர்களின் குற்றமா? சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்பும் வாக்காளர் வீட்டுக்கு ஒரு சிறு கையேடு வருகிறது. என்ன மாற்றம், ஆதரிப்பவர் வாதம் என்ன, எதிர்ப்பவர் வாதம் என்ன என்று அதில் இருக்கும். அயர்லாந்திலும் இரு தரப்புக்கும் சாராமல் செய்தியை விளக்கிச் சொல்ல ஒரு தனி ஆணையம் இருந்தது. கேள்வியைக் கேட்பது எவ்வளவு முக்கியமோ, அதைப் புரிய வைப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை அந்த நாடுகள் தங்கள் அனுபவத்தில் உணர்ந்திருக்கின்றன.

நான்கு: பதிலுக்குப் பிறகு என்ன?

‘இல்லை’ என்று மக்கள் சொன்ன பிறகு என்ன ஆனது? நெதர்லாந்தின் வாக்கெடுப்பு அறிவுரை அளவில்தான் செல்லும், அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அரசு மக்களின் முடிவை ஏற்றது. அரசியலமைப்பு உடன்படிக்கை கைவிடப்பட்டது. ஆனால் அதில் இருந்த மாற்றங்களில் பெரும்பகுதி 2007 டிசம்பரில் கையெழுத்தான லிஸ்பன் உடன்படிக்கையில் வேறு வடிவில் திரும்பி வந்தது. இம்முறை பிரான்ஸ் மக்களிடம் போகவில்லை. 2008 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலேயே ஒப்புதல் அளித்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘இல்லை’ என்று சொன்னவர்களில் பலர் இதனால் மனம் வருந்தினார்கள்.

அயர்லாந்தில் அரசியலமைப்பின்படி வாக்கெடுப்பு கட்டாயம். 2008 ஜூனில் 53 விழுக்காட்டுக்கு மேல் ‘இல்லை’. வரி, படை நடுநிலைமை போன்றவற்றில் மக்களுக்கு இருந்த அச்சங்களுக்கு மற்ற நாடுகளிடமிருந்து உறுதிமொழிகள் பெற்ற பிறகு, 2009 அக்டோபர் 2 அன்று மீண்டும் கேட்டார்கள். 67 விழுக்காடு ‘ஆம்’. ‘நாங்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு வந்தார்கள்’ என்று சிலர் பார்த்தார்கள். ‘வேண்டிய பதில் வரும்வரை கேட்கிறார்கள்’ என்று சிலர் பார்த்தார்கள். இரண்டையும் மாணவர்கள் முன் வைக்கலாம். 2009 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

நம் ஊரில் கேட்கப்படும் கேள்வி

இதெல்லாம் ஐரோப்பாவின் கதை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நவம்பர் 1 எங்கள் ஊரிலும் ஒரு நாள். 2022 முதல் தமிழ்நாட்டில் அது உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை.

இந்திய மக்களாட்சியில் ஒரு பொருளைப் பற்றிப் பிரதிநிதி வழியாக இல்லாமல் வாக்காளரே நேரில் முடிவு சொல்லும் இடம் கிராம சபைதான். அரசியலமைப்பின் 243-அ உறுப்பு அதற்கு இடம் அளிக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வன உரிமைச் சட்டம் 2006-இன் கீழ் உரிமை கோரும் மனுக்களும் கிராம சபையில்தான் தொடங்குகின்றன. அதற்கான கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. 14 ஊராட்சிகள் கொண்ட கொல்லிமலையில் பெரும்பான்மையோர் பழங்குடியினர். எங்களுக்கு இது வாழ்க்கையோடு ஒட்டிய சட்டம்.

கிராம சபையின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சான்று. அந்த மலையில் பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டம் வந்தபோது, அங்கு வாழும் டோங்ரியா கோந்து மக்களின் கிராம சபைகள் முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயகடா, களஹாண்டி மாவட்டங்களில் 12 கிராம சபைகள் மாவட்ட நீதிபதி மேற்பார்வையில் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மலையைச் சுற்றி இன்னும் பல சிற்றூர்கள் இருக்க 12 ஊர்களை மட்டும் கேட்டது ஏன் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. நம் இரண்டாவது கேள்வி இங்கும் பொருந்துகிறது பாருங்கள். கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியெடுத்த காலம் உண்டு. அதைத் தங்கள் வீட்டில் கேட்டறிந்திருந்த மாணவர்கள் நியமகிரியை வேறோர் ஊர்க் கதையாகக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கு முக்கியமில்லை. தீர்மானங்களை வாசிப்பதற்கு முன்பே பதிவேடு கை மாறி வந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு வயதான அம்மா கட்டை விரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, “எதுக்குய்யா இது?” என்று என்னிடம் கேட்டார். வருகைக் கையெழுத்து என்று நினைத்து, “வந்ததுக்கு அடையாளம்மா” என்றேன். நானும் கையெழுத்திட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. மேலே என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் இருவரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டோம். 448 உறுப்புகளைப் படிக்காமல் வாக்களித்தவர்களைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் அந்தப் பதிவேடு என் நினைவுக்கு வருகிறது.

வகுப்பறையில் செய்து பார்த்தது

ஆறாம் வகுப்பின் மக்களாட்சி, உள்ளாட்சிப் பாடங்களில் தொடங்கி மேல்நிலை வகுப்பு வரை இந்தச் செயல்பாட்டைச் செய்யலாம். தாளும் ஒரு பழைய அட்டைப் பெட்டியும் போதும். மூன்று சுற்றுகள்.

முதல் சுற்றில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கேட்டேன்: “வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை விளையாட்டுக்கு ஒதுக்கலாமா? ஆம் என்பவர்கள் கை தூக்குங்கள்.” கை தூக்காதவர் ஒருவரும் இல்லை.

இரண்டாம் சுற்றில் கேள்வியைக் கொஞ்சம் நீட்டினேன்: “வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை விளையாட்டுக்கு ஒதுக்கி, நூலகப் பாடவேளையை நிறுத்திவிடலாமா?” கைகள் பாதியில் நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின் வரிசையில் இருந்து ஒரு மாணவன், “சார், ரெண்டையும் தனித்தனியா கேளுங்க சார்” என்றான். சிக்கிம் வாக்குச் சீட்டைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னேன். அதனால் உடனே புரிந்தது.

மூன்றாம் சுற்றுக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டேன். கேள்வியைத் தாளில் எழுதி ஒட்டினேன். ஆதரிப்பவர் ஒரு குழு, எதிர்ப்பவர் ஒரு குழு. தலா மூன்று காரணங்களை எழுதிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று வெளியே வந்தது. தொலைவான சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பேருந்தைப் பிடிக்க வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சிறிது முன்னதாகவே கிளம்புகிறார்கள். விளையாட்டு அந்த நேரத்துக்கு மாறினால் அவர்களுக்கு விளையாட்டே இல்லை. முதல் சுற்றில் அவர்களும் கை தூக்கியவர்கள்தான். எல்லோரும் தூக்கும்போது தூக்காமல் இருக்கக் கூச்சமாக இருந்தது என்றார்கள்.

பெட்டியில் இரகசியமாகச் சீட்டுப் போட்டபோது ‘இல்லை’ வென்றது. பிறகு வகுப்பே கூடிப் பேசி, புதன்கிழமையைக் கேட்டு வாங்கினார்கள். தலைமை ஆசிரியரும் ஒப்புக்கொண்டார்.

இதைச் செய்யும் ஆசிரியர்கள் மூன்றை மனத்தில் கொள்வது நல்லது. முடிவைச் செயல்படுத்த முடியாத கேள்வியைக் கேட்க வேண்டாம், கேட்டுவிட்டு மறுத்தால் பிள்ளைகள் அடுத்த முறை வாக்கையே நம்ப மாட்டார்கள். ஆசிரியரின் விருப்பம் கேள்வியிலோ குரலிலோ தெரியக் கூடாது. தோற்ற பக்கத்தின் காரணங்களையும் சுவரிலேயே விட்டுவையுங்கள். சிறுபான்மையினரின் கருத்தும் வகுப்பின் கருத்துதான் என்பதை அது நினைவூட்டும்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதை இன்னும் எளிதாக்கலாம். கோவாவில் செய்ததுபோல இரண்டு சின்னங்கள் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடப் புளியங்கொட்டை போட்டு வாக்களிப்பார்கள். வாக்களிக்கும் முன் “உனக்கு என்ன கேள்வி கேட்டாங்க? உன் சொந்த வார்த்தையில சொல்லு” என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தால் அதுவே மொழிப்பாடப் பயிற்சியும் ஆகும்.

வீட்டுக்குப் போன பாடம்

செயல்பாடு முடிந்ததும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அடுத்த கிராம சபைக்கான கூட்டப் பொருளை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதி வர வேண்டும். அதை வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். கேட்பவர் யார், யாரிடம், கேள்வி என்ன, பிறகு என்ன?

ஜனவரி 26 முடிந்து பள்ளி திறந்ததும் அந்த மாணவி வந்தாள். அவளுடைய ஆயா கிராம சபைக்குப் போயிருக்கிறார். சாலை பற்றிய தீர்மானம் வந்தபோது எழுந்து, “எந்த ரோடுன்னு பேரச் சொல்லி எழுதுங்க. அப்பறமா கைநாட்டு வெக்கிறேன்” என்றாராம். கூட்டத்தில் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் சாலையின் பெயரை எழுதி, மீண்டும் ஒரு முறை சத்தமாக வாசித்தார்களாம்.

“ஆயாவுக்கு 178 பேரு கதையும் சொன்னேங்க சார்” என்றாள் அவள்.